கண்மாயில் ஒரு மூலையைத் தோண்டாமல் விடுங்கள்

சித்திரை பிறந்து கண்மாய் வற்றிவிட்டால் போதும். ஜீப்பில் வருகிறவர்கள் கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணி இல்ல, சும்மாதான் கிடக்கு, மிஷினை இறக்கிடலாம்" என்பார்கள். கண்மாய் சும்மா கிடப்பதே இல்லை. மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கீழே, ஈரம் மிச்சமிருக்கும் இடத்தில், பாலாமைகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் கிடக்கும். சாப்பாடு கிடையாது, அசைவு கிடையாது. மழை பிந்தினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நாம் மண்ணை அள்ளுவதற்குத் தோதாகத் தேர்ந்தெடுக்கும் மாதங்களும் அவை உள்ளே கிடக்கும் மாதங்களும் ஒன்றே. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காக மற்றவை.

சிங்கம்புணரிப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவள் நான். இப்போது பதவியில் இல்லை. வயல் இருக்கிறது. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் தரிசு. ஆகவே தூர்வாருவதே கூடாது என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். தூர்வாரச் சொல்லி மனு எழுதி, ஒன்றிய அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் மாறி மாறி நடந்தவள்தான். ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய் என்றால் ஒன்றியம், கூடினால் நீர்வளத் துறை. இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பந்தாடப்பட்டவர்களுக்குத்தான் தெரியும், ஒரு கண்மாயில் மண்வெட்டி விழுவது எவ்வளவு பெரிய காரியம் என்று.

நூறு நாள் வேலையில் ஊரணி வேலை நடந்த ஒரு கோடையில்தான் பாலாமையைக் கையில் வைத்துப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மதினி முறையாகும் ஒருத்தி திடீரென்று மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, கல்லு அசையுது" என்றாள். கையால் மண்ணை விலக்கினால் ஆமை. சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறியது. கல் போன்ற ஓடில்லை. மேலே வழவழப்பான தோல் போர்த்தியிருந்தது, விரலால் அழுத்தினால் ஓரம் லேசாகக் கொடுத்தது. திருப்பினால் அடிவயிறு வெள்ளை. பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் வயிற்று ஓட்டின் ஓரத்திலிருந்து இரண்டு தோல் மடிப்புகள் சின்னக் கதவுகளைப் போலச் சாத்திக்கொண்டன. கால் வெளியே தெரியவே இல்லை. மூக்கு மட்டும் குழாய் மாதிரி நீண்டிருந்தது. உடம்பெல்லாம் தண்ணீருக்குள் இருக்க, அந்த மூக்கு நுனியை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடுவதற்கான ஏற்பாடு. அப்பாவியாக இருக்கிறதே என்று பக்கவாட்டில் பிடித்த பெண்ணின் விரலைக் கழுத்தை நீட்டித் திரும்பிக் கடித்துவிட்டது. விடுவதாகவும் இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் வந்து தண்ணீர் வாளியில் கையோடு முக்கச் சொன்னபிறகுதான் விட்டது.

அன்று அந்தப் பெண்கள் இன்னும் சிலவற்றை எடுத்தார்கள். எல்லாவற்றையும் தென்னந்தோப்புப் பக்கம் தண்ணீர் மிச்சமிருந்த ஒரு குட்டையில் கொண்டுபோய் விட்டார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. மண்வெட்டி ஒரு வெட்டுக்கு எடுக்கும் மண் கைக்கு முன்னால் கிடக்கும். அதில் உயிர் இருந்தால் கண்ணில் படும். பொக்லைன் வாளி ஒரே அள்ளலில் ஒரு வண்டி மண்ணை டிப்பரில் கொட்டுகிறது. ஓட்டுநர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அந்த உயரத்திலிருந்து அவருக்கு என்ன தெரியும்?

பாலாமைக்கு என்று தனிக் காடு எதுவும் வேண்டாம். கண்மாய், ஊரணி, நெல் வயல், வாய்க்கால், கிணறு எதுவானாலும் அதற்கு வீடுதான். நத்தை, தவளை, மீன், நண்டு, பாசி எல்லாம் தின்னும். செத்து மிதக்கும் மீனையும் விடாது. எங்கள் பக்கம் கிணற்றில் ஆமை கிடந்தால் தண்ணீர் கெடாது என்று வேண்டுமென்றே ஆமை பிடித்துக் கிணற்றில் விட்ட வீடுகள் உண்டு. அதே கிணற்றடியில் காராமையும் இருக்கும்; அது கறுப்பு, ஓடு கெட்டி, முதுகில் மூன்று வரம்பு ஓடும். இரண்டையும் ஊரில் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

முட்டையிடுவதற்கு மட்டும் பாலாமை தண்ணீரைவிட்டு மேலே வரும். கரைச் சரிவிலோ வரப்பிலோ குழி பறித்து, உருண்டையான முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஒரு ஈட்டுக்குச் சில சமயம் இரண்டு மூன்றுதான் இருக்கும். முட்டை பொரிக்கப் பல மாதம் ஆவதுண்டு. ஆகவே இதற்கு இரண்டு விதமான மண் வேண்டும்: வறட்சியில் ஒளிய உள்வாய்ச் சேறு, முட்டைக்குக் கரையின் இளகிய மண். தண்ணீரை நாம் எப்போதாவது யோசிக்கிறோம். இந்த இரண்டு மண்ணைப் பற்றி எந்த மதிப்பீட்டிலும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

சட்டத்தில் குறையில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அதைப் பிடித்தாலோ கொன்றாலோ குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உலக அளவிலான சிவப்புப் பட்டியலிலும், முன்பு கவலையில்லாத இனங்களோடு கிடந்த இதை இப்போது அழியும் வாய்ப்புள்ள இனங்களில் சேர்த்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிப் பார்த்தால் கோடையில் கரையைச் சுரண்டும் ஒவ்வொரு எந்திரமும் வேட்டைக்குப் போகிறது. அதற்கு உத்தரவு கொடுப்பதும் அரசாங்கம், எரிபொருளுக்குப் பணம் கொடுப்பதும் அரசாங்கம்.

ஆனால் வழக்கு யார் மேல் விழுகிறது? சாக்குப் பையில் இரண்டு ஆமையோடு சைக்கிளில் போகிறவன் மேல். பெரும்பாலும் நிலமில்லாதவன், வேலையில்லாத நாளில் சேற்றில் கம்பியைக் குத்திப் பார்த்து ஆமை எடுத்து, கறியாக்கியோ விற்றோ அன்றையப் பொழுதை ஓட்டுகிறவன். அவன் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. மூலத்துக்கு ஆமைக்கறி கண்கண்ட மருந்து என்று கார் அனுப்பி வாங்கும் பெரிய வீடுகள் இருக்கும்வரை அவன் சேற்றில் குத்திக்கொண்டுதான் இருப்பான். மூலத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வாங்குகிற வீட்டு வாசலுக்கு வனத்துறை ஜீப் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு கோடையில் பத்துக் கண்மாய்களை உழுதுபோட்டு, உள்ளே கிடந்ததை எல்லாம் மண்ணோடு மண்ணாக லாரியில் ஏற்றிய ஒப்பந்ததாரர் மேல் வழக்கு வந்ததாகவும் கேள்வியில்லை.

பெரிய அளவிலும் திருட்டு நடக்கிறது, மறுக்கவில்லை. 2009 செப்டம்பரிலிருந்து 2019 செப்டம்பர் வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவில் குறைந்தது 1,11,000 ஆமைகள் கடத்தலில் சிக்கியதாக, விலங்குக் கடத்தலைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் கணக்கு சொல்கிறது. பிடிபட்டவைதான் இந்தக் கணக்கு. அதைச் சுங்கத் துறையும் வனத்துறையும் பார்க்கட்டும். கண்மாய்க்குள் மண்ணோடு போனவற்றை எண்ண ஆளில்லை.

ஆற்று ஆமைக்கு ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். காவிரி, பவானி, மாயாறு போன்ற ஆறுகளில் வாழும் லீத் மென்னோட்டு ஆமை தீபகற்ப இந்தியாவின் ஆறுகளைவிட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. முப்பது ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைந்துவிட்டது என்று இந்திய அரசே 2022-இல் பனாமாவில் நடந்த, அழியும் உயிர்களின் வாணிபத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் மாநாட்டில் எடுத்துச் சொல்லி, உலக வாணிபத்துக்கு முழுத் தடை வாங்கிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தபோது, அங்கே காக்கப்படும் உயிர்களின் பட்டியலில் நீர்நாய், முதலையோடு அந்த ஆமையின் பெயரும் இருந்தது. ஓர் ஆமையின் பெயர் அரசாங்க அறிவிப்பில் வருவது லேசுப்பட்டதல்ல. ஆனால் ஆற்றுக்குச் செய்ததைக் கண்மாய்க்குச் செய்ய முடியாது. சுமார் 39,000 ஏரி கண்மாய்களையும் சரணாலயமாக்கிவிட்டு நாங்கள் எங்கே போய் நடவு நடுவது? உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள் என்று அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் 20 ராம்சர் தளங்களும் எங்களுக்குப் பெருமைதான். அவற்றில் பல, பறவைகள் வந்து இறங்குவதால் கிடைத்தவை. பறவைக்குச் சிறகு இருக்கிறது, இந்தக் கண்மாய் சரியில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடும்.

ஆமையும் போகத்தான் பார்க்கிறது. கண்மாய் வற்றும்போதும் முதல் மழை விழுந்த இரவிலும் நடந்தே கிளம்பும். எங்கள் அப்பத்தா காலத்தில் நடுவே வண்டிப்பாதை இருந்தது. இப்போது தார்ச்சாலை, அதில் விடிய விடிய லாரி. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் வேறு. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை, சொல்லிவைக்கிறேன்.

அந்தக் காலத்தில் மட்டும் வண்டல் அள்ளவில்லையா என்று கேட்பார்கள். அள்ளினோம். அறுப்பு முடிந்ததும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அவரவர் வயலுக்குக் கிட்ட இருக்கும் பக்கமாகப் பார்த்து அள்ளினோம். ஒரு கோடையில் ஊரே சேர்ந்து அள்ளினாலும் உள்வாயில் ஒரு மூலைதான் கலையும். மறு வருஷம் வேறு மூலை. ஆமையை நினைத்துக்கொண்டு யாரும் அப்படிச் செய்யவில்லை. மாட்டுக்கும் மனிதனுக்கும் இருந்த தெம்பு அவ்வளவுதான். ஆனால் அதன் பலன், எந்தக் கோடையிலும் கண்மாயில் முக்கால்வாசித் தரை தொடப்படாமல் கிடந்தது.

2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் புதுத் திட்டம் வந்தது. 2024-இல் வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்றார்கள். இரண்டுமே நல்ல நோக்கம். கண்மாய்க்குக் கொள்ளளவு கூடியதும் உண்மை. ஆனால் பதினைந்து இருபது நாளில் முழுக் கண்மாயும் ஒரு மூலை பாக்கியில்லாமல் ஒரே மட்டமாகச் சுரண்டப்படுகிறது. 'வேலை சுத்தமாக இருக்கிறது' என்று பில் போடுகிறார்கள். கரையின் உட்சரிவுக்கு நெடுகக் கல் பதிக்கிறார்கள். ஊரணி என்றால் நான்கு பக்கமும் காங்கிரீட் சுவர். உள்ளே விழுந்த ஆமை மேலே ஏற வழியில்லை, முட்டையிட ஒரு சாண் மண்ணில்லை. படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சரிவாவது மண்ணாக விடுங்கள் என்று நான் தலைவராக இருந்தபோது கேட்டேன். "எஸ்டிமேட்டில் இல்லை" என்று பதில் வந்தது. எஸ்டிமேட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது அந்த அலுவலகத்தின் சித்தாந்தம்.

அடுத்தது பாசி ஏலம். மீன் வளர்க்கக் கண்மாயைக் குத்தகைக்கு எடுப்பவர் கடைசி மீனையும் எடுக்காமல் விடமாட்டார், அது வியாபாரம். அதற்காக மடைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்துவிடுகிறார்கள். அந்தப் பள்ளம்தான் வறட்சிக்கு ஆமை ஒதுங்கும் இடம். இரவெல்லாம் விரித்துவைக்கும் நரம்பு வலையில் மாட்டினால் ஆமை செத்துப்போகும். தண்ணீரில் வாழ்ந்தாலும் அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வலையில் செத்த ஆமையைக் கரையில் வீசிவிடுவார்கள், நாய் இழுத்துக்கொண்டு போகும்.

குத்தகை இல்லாத கண்மாயில் மீன்பிடித் திருவிழா. அறுப்பு முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் நாள் குறிப்பார்கள். விடியுமுன்னே பத்து ஊர்ச் சனம் கரையில் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் கொசுவலையுமாக நிற்கும். ஊர்த் தலைவரான அம்பலம் வெள்ளைத் துண்டை வீசியதும் ஒரே பாய்ச்சல். ஒரு மணி நேரத்தில் கண்மாய் குழம்பிக் கறுத்துவிடும். விரால் கிடைத்தவனுக்கு அன்று ராஜநடை. அந்தத் திருவிழாவை நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சாதி சனம் பார்க்காமல் எல்லாரும் ஒரே சேற்றில் இறங்கும் நாள் வேறு எது இருக்கிறது? ஊத்தாவுக்குள் கைவிட்டு ஆமை தட்டுப்பட்டால் சிலர் சாக்கில் போட்டுக்கொள்வார்கள். சிலர் 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று கரையில் வீசி எறிவார்கள். (அந்தப் பழமொழி ஆமையோடு அமீனாவையும் சேர்த்துச் சொல்கிறது. அமீனாவைப் பற்றிய பாதியைக் கடன்காரர்கள் யாராவது சேர்த்திருப்பார்கள். ஆமை என்ன பாவம் செய்தது?) துண்டை வீசுமுன் அம்பலம் வழக்கமாக, மடையில் ஏறாதே, சண்டை போடாதே என்று நாலு வார்த்தை சொல்வார். அதோடு, "ஆமை அகப்பட்டா தண்ணியிலயே விட்ருங்கப்பா" என்று ஒன்றையும் சேர்த்தால் எங்கள் ஊரில் கேட்பார்கள். சட்டப்பிரிவைச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

நடக்காத காரியத்தைச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுகுடிப்பட்டிக்குத் தீபாவளியன்று போய்ப் பாருங்கள். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று வெடியை விட்டுவிட்ட ஊர். பிள்ளைகளிடமிருந்து வெடியைப் பிடுங்குவதைவிடவா ஆமையைத் தண்ணீரில் விடுவது கஷ்டம்?

நகரத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன் தொட்டி விற்கும் கடைகளில் காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குட்டி ஆமையை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள். அது அமெரிக்க ஆமை. வளர்ந்து தட்டு அளவுக்கு ஆகி, தொட்டி நாறத் தொடங்கியதும், கொல்ல மனமில்லாமல் கோயில் தெப்பக்குளத்திலோ ஊர்க் கண்மாயிலோ விட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறீர்கள். உலகத்தை ஆக்கிரமித்த மோசமான நூறு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே அதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. இருக்கிற இடத்துக்கே பாலாமை திண்டாடும்போது, வெளியூர் விருந்தாளியையும் அதே குளத்தில் இறக்காதீர்கள்.

இனி அரசாங்கத்திடம் கேட்பது. ஒன்றும் புதுத் திட்டம் வேண்டாம், நிதியும் வேண்டாம். தூர்வாரும் மதிப்பீடு போடும்போது உள்வாயில் நாலில் ஒரு பங்கை இந்த வருஷம் தொடாத பகுதி என்று வரைபடத்தில் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை அதை எடுத்துக்கொண்டு வேறு பங்கை விடலாம். எந்தப் பகுதியை விடுவது என்று பொறியாளர் தனியாக முடிவு செய்ய வேண்டாம். மடை திறக்கும் நீர்பாய்ச்சியையும் ஆடு மேய்க்கிறவரையும் கேட்டால், ஆமை எங்கே ஏறும், எங்கே படுக்கும் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். எந்திரம் இறங்கும் முதல் நாள் அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட நிறுத்துங்கள். கரைக்குக் கல் பதிக்கும்போது தண்ணீர் மோதாத கடைசிப் பகுதியை மண்ணாகவே விடுங்கள், கல் செலவும் மிச்சம். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், பதிவேடும் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் வேப்ப மரமும் நாட்டு மாடும் இருக்கின்றன, ஆமை இல்லை. அதை எழுதிச் சேர்க்க ஒரு கிராம சபைக் கூட்டம் போதும்.

பாசி ஏலத்துக்கு இரண்டே நிபந்தனை போதும். மடைப் பள்ளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. வலையில் ஏறும் ஆமையை உயிரோடு விட வேண்டும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. ஏல அறிவிப்புகள் அதற்கு முன்னால் தட்டச்சாகும். அந்தத் தாளில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்ட தாள்தான் அது.